வரிசையில் ஒரு தாயத்து

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான்காம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் எனக்கு அண்ணன் தம்பிகள் மாதிரி. யார் மூத்தவர் என்று இன்றும் குழப்பம்தான்.

போன வாரம் என் மகள் கல்லூரிப் பாடத்துக்கு ஒரு ஆங்கில நாவல் படித்துக்கொண்டிருந்தாள். ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக மிருகமாகிற கதையாம். "அதுல ஒவ்வொரு சாமானும் இன்னொண்ணுக்குப் பதிலா நிக்குதுப்பா. அதான் சிம்பல். எக்ஸாம்ல கேப்பாங்க" என்றாள். பிறகு, "பெரியவங்க யாரும் கூட இல்ல, அதான் பசங்க அப்படி ஆயிட்டாங்க" என்றாள். நான் தலையாட்டிவிட்டு டீ போடப் போனேன். மழைக்கு உப்பு ஜாடி கசிந்து ஈரமாகியிருந்தது. அந்த வாடை என்னை எங்கோ இழுத்துப்போக, டீயில் உப்பைப் போட்டுவிட்டேன்.

ஒன்றுக்குப் பதில் ஒன்று நிற்பது பம்பாயில் எங்கள் தாராவி சந்துக்குத் தெரியாததல்ல. அறுபதுகளில் எங்களுக்கு ஒரே குழாய். விடியுமுன் ஒவ்வொரு வீடும் தன் கல்லை வரிசையில் வைத்துவிட்டுப் போகும். எங்கள் வீட்டுக்கு அரைச் செங்கல். கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஊரிலிருந்து புதிதாக வந்த செல்லையாவின் அம்மா ஒரு கறுப்புக் கல் வைப்பாள். அதை யாராவது காலால் ஒதுக்கிவிடுவார்கள். சில நாள் என் அம்மாவே. "நேத்து வந்தவளுக்கு இன்னிக்கே நம்பராக்கும்?" என்பாள். மற்றபடி என் அம்மா நல்லவள்தான்.

ஒரு மழைக்காலத்தில், பெரியவர்கள் வேலைக்குப் போன பிறகு வெள்ளம் சந்துக்குள் ஏறிவிட்டது. ரயிலும் நின்றுபோயிற்று. பிள்ளைகள் ஒன்பது பேர் பக்கத்துத் தோல் கிடங்கின் மாடிக்கு ஏணியில் ஏறினோம். மறுநாள் மதியம் வரை யாரும் வரவில்லை. சுற்றிலும் உப்புப் போட்ட தோல்கள். மூச்சு விட்டாலே தாகம். மூலையில் வேலையாட்களுக்கு வைத்திருந்த குடிதண்ணீர்ப் பானை ஒன்று.

முதலில் ஒழுங்காகத்தான் இருந்தோம். பெரிய பையன் முத்துராசு, "எல்லாரும் கல்லு வைங்கலே" என்றான். அங்கே கல் ஏது? ஒருவன் கோலிக்குண்டு வைத்தான். நான் சட்டைப் பொத்தானைப் பிய்த்து வைத்தேன். செல்லையாவுக்கு எட்டு வயது. அரைஞாண் கயிற்றிலிருந்து தாயத்தை அவிழ்த்து என் பொத்தானுக்குப் பக்கத்தில் வைத்தான். வரிசைப்படி ஆளுக்கு ஒரு டம்ளர். விளையாட்டு மாதிரியே இருந்தது.

மறுநாள் காலை பானையின் அடி தெரிந்தது.

"ஏல, எட்டு டம்ளர்தான் வரும். அந்தத் தாயத்த எடு" என்றான் முத்துராசு என்னிடம்.

"நான் எதுக்குல?"

"நீதான பக்கத்துல இருக்க. இல்லன்னா பொத்தானும் சேந்து போவும்."

"அண்ணே, எனக்கு அரை டம்ளர் போதும்ணே" என்றான் செல்லையா. யாரோ சிரித்தார்கள். நான் விரலால் சுண்டினேன். தாயத்து பலகை இடுக்கு வழியாக வெள்ளத்தில் விழுந்தது. அதன் பிறகு அவன் கேட்கவில்லை. வரிசையில் பொருள் இல்லாதவன் ஆளே இல்லை என்பது அவனுக்கும் தெரியும். ஏணியில் இறங்கி, வெள்ளத்தைக் கையால் அள்ளிக் குடித்தான். நான் என் டம்ளரைச் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

மதியம் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து சேர்ந்த அவன் அம்மா, முதலில் அவன் இடுப்பைத்தான் தடவினாள்.

"தாயத்து எங்கல?"

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். "வெள்ளத்துல போச்சும்மா."

அன்று மாலையே வாந்திபேதி. நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். தாயத்து போனதால்தான் பிள்ளை போனான் என்று அவள் அழுதாள். என் அம்மாவும் கூட உட்கார்ந்து அழுதாள். செல்லையாவின் அம்மா ஊருக்கே திரும்பிப் போன பிறகும் அந்தக் கறுப்புக் கல் குழாயடியில் கிடந்தது. யாரும் ஒதுக்கவில்லை. தாண்டித் தாண்டித் தண்ணீர் பிடித்தார்கள்.

பெரியவர்கள் இல்லாததால்தான் என்கிறாள் மகள். நாங்கள் குழாயடியில் பார்த்ததைத்தான் மாடியில் செய்தோம் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

தோல் கிடங்குகள் இப்போது அங்கே இல்லை. குழாய் இருந்த இடத்தில் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. நேற்று போய், அந்தக் கறுப்புக் கல்லை யார் எடுத்தார்கள் என்று பழைய ஆட்களிடம் விசாரித்தேன். அப்படி ஒரு கல் இருந்ததே யாருக்கும் நினைவில்லை.

18.7.1999, ஞாயிறு