கிழிஞ்ச காது

எங்க நாய் பிடிக்கிற வண்டியில சீனியர் ஆபீசருக்குப் பேரு 'காது'. தெருநாய்க்குக் கருத்தடை செஞ்சு, வெறிநோய் ஊசியும் போட்டு விடும்போது இடது காது நுனியைக் கத்தரியால நேரா வெட்டிடுவோம். திரும்பப் பிடிக்க வேண்டாம்ங்கிறதுக்கு அடையாளம். இவர் வண்டியை விட்டு இறங்காமலே காதைப் பாத்து "விடு", "பிடி"ன்னு சொல்லிடுவார். இருபத்திரண்டு வருஷமா இதான். நான் டிரைவர். அவர் சொன்னா பிரேக் போடுவேன்.

அடிபட்டுப் பிழைக்காதுன்னு ஆன நாயை டாக்டர் ஊசி போட்டு முடிக்கும்போது பிடிச்சுக்கிறவரும் அவர்தான். கையைக் கழுவிட்டு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். முகத்துல ஒண்ணும் இருக்காது.

போன மாசம் அவரோட அக்காவை ஒரு செவலைப் பொட்டை நாய் கெண்டைக்கால்ல கடிச்சிடுச்சு. அக்கா போன் பண்ணினப்ப நாங்க அவங்க வீட்டுத் தெருமுனையிலதான் நின்னோம். நாய் குப்பைத்தொட்டிகிட்ட படுத்திருந்துச்சு. சீட்டுல இருந்தே பாத்தார்.

"வெட்டின காதுக்கா. ஊசி போட்ட நாய்தான். சோப்பு போட்டுக் கழுவு, போதும்."

எந்த நாய் கடிச்சாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்ங்கிறது விதி. அவருக்கு அவர் கண்ணுதான் விதி.

மூணாம் நாள் அதே தெருவுல செவலை என் சன்னல் பக்கமா வந்து நின்னுச்சு. காது நுனி பிசிறு பிசிறா இருந்துச்சு.

"சார், இது கத்தரி வேலை இல்லையே? ஏதோ நாய் கடிச்சுப் பிச்ச மாதிரில்ல இருக்கு?"

இறங்கினார். வலை போட்டுப் பிடிச்சு வயித்தைத் திருப்பினார். கருத்தடை பண்ணின தையல் தழும்பு இல்ல. கூண்டுல ஏத்தினார்.

நேரா அக்கா வீடு.

"தப்பாச் சொல்லிட்டேன்க்கா. கிளம்பு, ஊசி போடணும்."

"மூணு நாள் கழிச்சா? ஊர் நாய்க்கெல்லாம் காது பாக்கறவனே, கூடப்பொறந்தவ காலை ஒரு தடவை வந்து பாத்தியாடா?"

அவர் வண்டிக் கதவைத் திறந்து பிடிச்சார். அக்கா நொண்டிக்கிட்டே வந்து வண்டியில ஏறினாங்க. பின்னால செவலை குரைச்சுது.

"கடிச்சவளும் நானும் ஒரே வண்டியா? நல்ல மரியாதைடா!"

அக்காவுக்கு ஊசி போட்டுட்டு, செவலையை எங்க ஆபீஸ் கூண்டுல அடைச்சு வச்சோம். கடிச்ச நாய் பத்து நாள் நல்லா இருந்துட்டா கடிபட்டவங்களுக்குப் பயமில்ல. தினம் காலையில அவர் கூண்டு முன்னால நிப்பார்.

"தண்ணி குடிக்குதா சார்?"

"குடிக்குது."

ஏழாம் நாள் செவலை சோத்தைத் தொடல. அன்னிக்கு அவரும் டப்பாவைத் திறக்கல. மறுநாள் ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க.

பத்து நாள் தாண்டினதும் டாக்டர் கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, கிழிஞ்ச இடத்தை நேரா வெட்டிவிட்டார். புண்ணு ஆறினதும் அதே குப்பைத்தொட்டிகிட்ட கொண்டுபோய் விட்டோம். அக்கா வாசல்ல நின்னாங்க.

"சனியனைத் திரும்ப இங்கயே விடுறியா?"

"பிடிச்ச இடத்துலதான்க்கா விடணும்."

வண்டி ஏறப்போனவர் திரும்பி நடந்தார். வாசப்படியில குந்தினார்.

"காலைக் காட்டு."

அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கினாங்க. அவர் பாத்துக்கிட்டே இருந்தார். அடுத்த தெருவுக்கு நேரமாச்சு. நான் ஹாரன் அடிக்கல.