கை நின்னாத்தான் காது

குத்தாலத்துல வெள்ளம் வாறத அருவி இரைச்சல வச்சே சொல்லிருவேன். பொய்தான், நம்பிராதீய!

எண்ணெ தேய்ச்சு விடுதது என் பொழப்பு. அன்னைக்கு என் மச்சான் அருவியில குளிச்சிட்டிருந்தான். நான் ஒருத்தரு முதுகுல மளமளன்னு தேய்ச்சிட்டிருந்தேன்.

படுத்திருந்தவரு, "அண்ணாச்சி, இரைச்சல் மாறுதே"ன்னாரு.

"எனக்குத் தெரியாத இரைச்சலா? பேசாம படுங்க"ன்னு இன்னும் வேகமா தேய்ச்சேன்.

அவரு என் கையப் பிடிச்சு நிறுத்தினாரு. கை நின்னதும்தான் அந்தக் கனத்த இரைச்சல் எனக்குக் கேட்டுச்சு. ஓடிப்போயி மச்சான வெளிய இழுத்தேன். பின்னாடியே செவந்த தண்ணி கட்டையோட விழுந்துச்சு.

கை ஓடுதப்ப மூளை காதுக்கு லீவு விட்டுருது போல. இப்பல்லாம் நடுநடுவுல கைய நிறுத்திக் கேக்கேன். "வேலக்கள்ளன்"னு மச்சான் ஊரெல்லாம் சொல்லுதான். சொல்லுததுக்கு அவன் இருக்கான்லா, அது போதும். அவன் பேச்சுக்கு நான் என்ன சொன்னேன்னா... இருங்க, "ஏலே, முதுகுல எண்ணெ காயுதுலே"ன்னு ஒருத்தரு கூப்பிடுதாரு.