வலது பக்கத் துளை

கார்லா பிஸ்கோர்ஸ்கிக்கு டொலீடோ கார் கிளப்பில் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஒண்ணரை. மூடிக் கிடக்கும் பழைய ஷாப்பிங் மாலின் வாகன நிறுத்தத்தில் ஞாயிறுதோறும் ஆரஞ்சுக் கூம்புகளை நட்டு, அவற்றுக்கு இடையே ஒவ்வொரு காராகக் கடிகாரத்தோடு மோதவிடுவார்கள். கார்லாவும் அவள் அண்ணன் ரேயும் ஒரே காரை மாறி மாறி ஓட்டினார்கள். எந்த ஞாயிறானாலும் அவளுக்கு அவனைவிட ஒன்றரை வினாடி கூடுதலாகத்தான் ஆகும். அந்தக் கூட்டத்தில் ஒன்றரை வினாடி என்பது ஒரு யுகம். ஒலிபெருக்கியில் நேரம் வாசிக்கும் டக் அவள் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டான்.

"அடுத்து நம்ம ஒண்ணரை வர்றாங்க. பசிக்கிறவங்க போய் சாப்பிட்டுட்டு வரலாம்" என்பான். அவளும் சிரித்து வைப்பாள்.

ஒரே காரை இருவர் ஓட்டினால் சாக்குச் சொல்ல வழியில்லை. டயர் அதே, எஞ்சின் அதே, பிரேக் அதே. மிச்சமிருக்கும் வித்தியாசம் ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஒன்றுதான். கிளப்பில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள், கார்லாவும் அப்படித்தான் தன்னை எடைபோட்டாள். முழங்கால் பனியிலும் பள்ளிப் பேருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள், தனக்குக் கை போதாது என்று முடிவுகட்டிவிட்டாள். இந்த சீசனோடு விலகிக்கொள்கிறேன் என்று ரேயிடம் சொல்லியும் விட்டாள். அவன் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அடுத்த வாரமே காரில் அவளுடைய பாதிப் பங்கைத் தன்னோடு ஆலையில் வேலை செய்யும் பிரைஸுக்குப் பேசி முடித்திருந்தான்.

கார் ஒரு கிழட்டு சிவிக். முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களின் வியாதி அதற்கும் உண்டு. வளைவில் எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். அதற்கு மருந்து, பின்சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே பிணைக்கும் ஸ்வே பார் என்ற இரும்புக் கம்பி. அது விறைப்பாக இருந்தால் கார் வாலை வீசித் திரும்பும். அளவு மீறினால் வால் முன்னால் வந்துவிடும். மெல்லிய கம்பியே போதும் என்றான் ரே. ஒரு குளிர்காலம் முழுக்க அவனோடு மல்லுக்கட்டி, தடித்த கம்பியை வாங்க வைத்தவள் கார்லா. அதன் இரு முனையிலும் மூன்று மூன்று துளைகள். ஓரத்துத் துளையில் பூட்டினால் கம்பி தளர்வு, உள் துளையில் விறைப்பு.

"உள் துளையில பூட்டு. அதுக்கப்புறம் அதைத் தொடாத" என்றாள் அவளே.

முதல் ஞாயிறு அவள் காரோடு தட்டாமாலை சுற்றினாள். அதற்குப் பிறகு ஒருமுறைகூடச் சுற்றவில்லை. பழகிவிட்டது என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டாள். பாவம்.

கார் எப்போதும் ரே வீட்டில்தான் நிற்கும். இந்த ஆகஸ்டில் அவன் கராஜ் கதவு மக்கர் பண்ணியதால் அவள் வீட்டுக்கு வந்தது. கம்பியைத் தாங்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்குமே, மாற்றிவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை அடியில் புகுந்தாள். இடது முனையில் போல்ட் உள் துளையில், இருந்த இடத்திலேயே துருவேறி இறுகியிருந்தது. மற்ற இரண்டு துளைகளும் ஒஹாயோவில் பனிக்காகச் சாலையில் தூவும் உப்பில் அடைத்துப்போயிருந்தன. என்றாவது சந்தேகம் வந்தால் அவள் குனிந்து பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். அமெரிக்கக் காரில் இடதுதான் டிரைவர் பக்கம், கைக்கெட்டும் பக்கம்.

வலது முனையில் போல்ட்டே இல்லை. வளையம் வைத்த தடித்த இரும்பு ஊசி ஒன்று, இழுத்தால் வந்துவிடும். நடுத் துளையில் துரு. உள் துளையும் ஓரத்துத் துளையும் உரசி உரசி வெள்ளிக்காசாகப் பளபளத்தன. ஊசி நின்றது ஓரத்துத் துளையில். போன ஞாயிறு கடைசியாக ஓட்டியவள் அவள்.

ஒரு முனையை மாற்றினாலே கார் பாதி மந்தமாகிவிடும். அவள் ஹெல்மெட்டை மாட்டி பெல்ட்டை இறுக்கும் நேரத்தில் ரே ஒவ்வொரு தடவையும் வலது பின்சக்கரத்தருகே குந்துவான். "டயர் காத்து விஷயத்தை எங்கிட்ட விடு" என்பான். எவ்வளவு பொறுப்பான அண்ணன் என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறாள். அது நினைவுக்கு வந்ததும் காரடியில் படுத்தபடியே அழுதாள். அவமானத்தில் வந்த அழுகை அது.

அவனைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. காரைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசிப் போட்டி வரை காத்திருந்தாள்.

அன்று ரே முதலில் ஓட்டினான். வழக்கம்போல வலது பின்சக்கரத்தருகே குந்தி, ஊசியைத் தனக்கு வேண்டிய உள் துளைக்கு மாற்றிவிட்டு எழுந்து, உள்ளே உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். கார்லா ஜன்னல் வழியே சொன்னாள்: "பின்னாடி டயர் கொஞ்சம் மெத்துனு இருக்கு. நான் பாத்துடறேன், நீ இறங்காத." குனிந்தாள், ஊசியை இழுத்தாள், ஓரத்துத் துளையில் செருகினாள். அது அவ்வளவு சுலபமாக இருந்ததே அவளுக்கு வேதனையாக இருந்தது.

ரே போனான். வளைவுக்கு வளைவு மூக்கு நேராக இழுத்தது. நேரத்தை வாசித்துவிட்டு டக் ஒலிபெருக்கியிலேயே கேட்டான்.

"ரே, தங்கச்சியை உள்ள உக்கார வச்சுட்டு நீ வீட்டுலயே இருந்துட்டியாப்பா?"

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். ரே முகம் சிவக்க இறங்கினான். "டயர் செத்துப்போச்சு. பிடிப்பே இல்ல."

"டயர் நல்லாத்தான் இருக்கு" என்றாள் கார்லா. "நீ ஓட்டினது என் கார். இத்தனை வருஷமா எனக்குக் குடுத்தியே, அது."

அவன் கண் வலது பின்சக்கரத்துக்குப் போய்த் திரும்பியது. மழுப்பக்கூட முயலவில்லை.

"அன்னைக்கு நீ சுத்தினப்போ விளக்குக் கம்பம் கொஞ்சத்துல தப்புச்சு. உனக்கு கை நடுங்குச்சு. ஒரே ஒரு தடவைன்னு மாத்தினேன். நீ சந்தோஷமா ஓட்டுன."

"சரி. அப்புறம் ஏன் சொல்லல?"

ரே ஹெல்மெட்டின் வாரை அவிழ்க்கத் தொடங்கினான்.

"அவங்க ஒண்ணரைன்னு கூப்பிடறப்போ நீயும்தான சிரிச்ச. நான் விலகறேன்னப்போகூட வாயத் திறக்கலியே."

"சொன்னா நீ ஓட்டறதையே விட்டுருவியோன்னு…"

"பொய் சொல்லாத ரே. முந்தி நிக்கறது உனக்கு நல்லா இருந்துச்சு."

அவன் கூம்புகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவளைப் பொத்திப் பொத்தி வைத்ததாக அவன் நம்பியிருக்கலாம். தினமும் மோருக்குப் பதிலாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, உனக்கு ருசி தெரியவில்லை என்று சொன்னால் அதற்குப் பெயர் பாசமல்ல.

கார்லா தானே மண்டியிட்டு ஊசியை உள் துளைக்கு மாற்றினாள். கிளம்பினாள். முதல் இரண்டு வளைவில் கார் அவள் அறியாத ஒரு காராக இருந்தது. நினைத்த மாத்திரத்தில் திரும்பியது. மூன்றாவதில் வால் கழன்று வந்தது, அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முழுச் சுற்று. கூம்புகள் சிதறின. நேரம் கணக்கில் சேரவில்லை.

வரிசைக்குத் திரும்பியதும் ரே ஓடிவந்தான். அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது, அதுதான் அவளைச் சுட்டது. "பாத்தியா? இதுக்குத்தான்."

"இந்தச் சுத்தெல்லாம் நான் அன்னைக்கே சுத்தி முடிச்சிருக்கணும்" என்றாள். "இந்நேரம் பழகியிருப்பேன். அதைத்தான் எடுத்துட்ட நீ. பிரைஸ்கிட்ட இடம் இல்லன்னு சொல்லிடு."

அடுத்த முறை அவன் ஓட்டினான். பழைய நேரம் திரும்ப வந்தது, யாரும் கைதட்டவில்லை. அவள் உள்ளே ஏறி பெல்ட்டை இறுக்கினாள். ரே பழக்க தோஷத்தில் காற்றுமானியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தான்.

"ரே" என்று கூப்பிட்டாள். "பின்னாடி போகாத. முன்னாடி வந்து, நான் பாக்கற இடத்துல நில்லு."

அவன் வந்து, காரின் மூக்குக்கு நேரே, இரண்டு கைகளும் தெரிய நின்றான்.