பால் பெட்டிக்குள் வைத்த ஊசி

பச்சைப் பால் வாடை, மல்லிகை, திருநீறு... மூன்றும் ஏர்கோன் குளிரில் கலந்து வரும். பங்குனி உத்திரத்துக்கு சாஆ ஊரிலிருந்து மாரான் முருகன் கோயிலுக்குப் போகும் எங்கள் பஸ்ஸின் வாசனை அது.

அந்த வருடம்தான் என் வீட்டுக்காரர் சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போட ஆரம்பித்திருந்தார். மருந்து சூட்டில் கெட்டுவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எங்கே வைப்பது என்று கையில் பிடித்துக்கொண்டு தவித்தேன்.

பஸ் ஏற்பாடு செய்த முத்தையா அண்ணன் சொன்னார், "அபிஷேகப் பால் இருக்கிற ஐஸ் பெட்டியில வெச்சுருங்க தங்கச்சி. சாமி பாலே கெடாது, மச்சான் மருந்தா கெடப்போவுது?"

சாமி பாலுக்குப் பக்கத்தில் என்றதும் எனக்கும் மனம் நிறைந்துவிட்டது. மருந்து அடைத்த இரண்டு பேனா ஊசிகளையும் ஐஸ் கட்டிகளுக்குள் நன்றாகப் புதைத்து வைத்தேன்.

வழியில் முவாட்சாம் ஷா டவுன் பக்கம் பசியாற நிறுத்தினார்கள். சாப்பாட்டுக்கு முன் ஊசி போட வேண்டும். பேனாவை எடுத்தால்...

உள்ளே மருந்து உறைந்து கிடந்தது. இரண்டிலுமே.

உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். முருகா, முருகா...

பின் சீட்டில் இருந்த சரசு எட்டிப் பார்த்துப் பதறினாள். அவள் மாமியாரும் ஊசி போடுகிறவர். "அலமாக்! உறைஞ்சத போடாதீங்கக்கா. இளகினாலும் அது வேலைக்கு ஆவாது."

விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தோம். பதினெட்டு. எங்கள் ஊர்க் கணக்கில் பத்தைத் தாண்டினாலே அதிகம். அவரோ, "உறைஞ்சத ஐஸ் கச்சாங் இனிப்புல ஊத்திக்க வேண்டியதுதான்" என்கிறார்!

கிளினிக் தேடிப் போகவேண்டும் என்றதும் யாரோ முனகினார்கள். "பால் திரிஞ்சிரும்ண்ணே."

முத்தையா அண்ணன் டிரைவரைப் பார்த்தார். "முருகன் காத்திருப்பாரு. மச்சான் சக்கரை காத்திருக்காது லா. டவுனுக்குத் திருப்புப்பா."

கிளினிக்கில் புது ஊசி கிடைக்கும்வரை அத்தனை பேரும் வெயிலில் காத்திருந்தார்கள். பெண்கள் பால் பெட்டிமேல் ஈரத்துண்டு போர்த்தினார்கள். அவர் ஊசி போட்டு, சாப்பிட்டு முடித்த பிறகுதான் பஸ் கிளம்பியது.

வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது மகள் சிங்கப்பூரில் வாங்கித் தந்த குளிர்ப்பை என் மடியில். ஊசி ஐஸில் படாமல் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். மாற்று ஊசி அவர் பையில். சர்க்கரை இறங்கினால் வாயில் போட மிட்டாய், டாக்டர் கடிதம், எல்லாம் உண்டு. அந்த பஸ்தான் இல்லை. அவரவர் காரில் போகிறோம்.

செம்பனைக் காட்டுக்குள் போனில் லைன் போய்விடும். உடனே என் கை பைக்குள் போகும்.

"இருக்குலா... ஓடியா போவும்?" என்பார் அவர்.

இருக்கிறது. ஆனாலும் ஒருதடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

சரசு மாதிரி எட்டிப் பார்க்க யாருமில்லாமல் பின் சீட் காலியாக இருக்கிறது...