தழை அறையில் வெட்டிய தட்டு

இசைத்தட்டு வெட்டும் இயந்திரம் வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது அப்பா கேட்டது ஒரே கேள்விதான்: அதை எந்த அறையில் வைப்பாய்? இப்போது யாராவது போனில் என்னிடம் யோசனை கேட்டால் நானும் அங்கிருந்துதான் தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தருமபுரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, பெங்களூரில் பழைய ஆடியோ கருவிகளைப் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தட்டு ஓட்டும் பெட்டிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டே இருந்ததில், தட்டை ஓட்டுவதைவிட உண்டாக்குவதுதான் என் வேலை என்று தோன்றிவிட்டது. ஒருமுறை கடைக்குத் தட்டு வெட்டும் பழைய லேத் இயந்திரம் ஒன்று வந்தது. நாலு பேர் சேர்ந்தால்தான் நகரும். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. கடைக்காரர் அதை என்னையே வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஒரு திருகு போனால்கூட மாற்றுத் திருகு கிடைக்காது என்பதால் வேண்டாம் என்றேன். அவருக்கு என் மேல் வருத்தம்.

கடை வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி நான் வாங்கியது சின்னதாக ஒரு வெட்டும் கை. தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் மேல் பொருத்திக்கொள்ளலாம். அதை வாங்குகிறவர்கள் எல்லோரும் வெட்டும் தலையைப் பற்றியே பேசுவார்கள். நான் முதலில் பார்த்தது டர்ன்டேபிளின் மோட்டாரை. ஊசி தட்டில் பள்ளம் தோண்டும்போது அது பிரேக் பிடித்த மாதிரிதான். மோட்டாருக்கு வலு இல்லையென்றால் பாட்டு தூக்கக் கலக்கத்தில் பாடியதுபோல இழுக்கும். அதனால் வலுவான மோட்டார், கனமான மேசை, வைர ஊசி. பள்ளம் வழவழப்பாக விழ ஊசியைச் சூடாக்கும் கம்பிக்கு மட்டும் வீட்டு மின்சாரத்தை நம்பவில்லை. எங்கள் பக்கம் கிணற்று மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் பல்பே மங்கிவிடும். அப்பாவின் பேட்டரி ஸ்பிரேயரைத் திறந்து அதிலிருந்த பேட்டரியை எடுத்துக்கொண்டேன்.

"ஏம் பாப்பா, மருந்தடிக்கற மிசினுல இருந்து பாட்டு எடுக்கறியா? பூச்சி சாவாது, ஆடும்" என்றார் அப்பா.

கடத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இயந்திரத்தை மாடி அறையில் வைத்தேன். புதிதாக டைல்ஸ் போட்ட அறை, நல்ல வெளிச்சம். மழைக்காலத்தில் வெட்டிப் பார்த்த தட்டுகள் எல்லாம் சுத்தமாக வந்தன. ஊசி தோண்டும்போது தட்டிலிருந்து தலைமுடி போல மெல்லிய கறுப்பு நூல் கிளம்பும். அதை ஊசிக்குப் பின்னால் இருக்கும் குழாய் உடனுக்குடன் உறிஞ்ச வேண்டும். அந்த நூல் வளைந்து நெளிந்து குழாய்க்குள் ஓடுவதை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

முதல் ஆர்டர் மாசியில் வந்தது. பெங்களூரில் தன் பாட்டுகளைத் தானே வெளியிடும் ஒரு பெண். முதல் கச்சேரியில் விற்பதற்குக் கொஞ்சம் சின்னத் தட்டுகள் கேட்டார். அதே சமயத்தில் ஓசூர் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை தயாராக இருந்தது. அம்மா அங்கே போகச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "இந்த ஆர்டரைச் சொன்ன நாளுக்குள்ள முடிக்கலைன்னா மிசினை வித்துட்டு ஓசூருக்குப் பஸ் ஏர்றேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்ட. நானும் கேட்டுட்டேன்" என்றார் அம்மா.

அடுத்த நாளே தகராறு தொடங்கியது. நூல் குழாய்க்குள் போகவில்லை. தட்டோடு ஒட்டிக்கொண்டது. சுற்றி வந்து ஊசிக்கு அடியிலேயே மாட்டியது. ஊசி அதன் மேல் ஏறி இறங்க, பாட்டின் நடுவில் பட் பட்டென்று வெடித்தது. ஒருமுறை வெட்டியதை அழிக்க முடியாது, அந்தத் தட்டு போனது போனதுதான். உறிஞ்சும் வேகத்தைக் கூட்டினேன். ஊசியின் சாய்வை மாற்றினேன். மேசைக்கு எர்த் கம்பி இழுத்தேன். தட்டுகள் வீணாகிக்கொண்டே போயின. மீதி இருந்தவை ஆர்டருக்கு மட்டும்தான் போதும். புதிதாக வரவழைக்க நாள் இல்லை.

எரிச்சலோடு உட்கார்ந்திருந்தபோது அம்மா கீழேயிருந்து கூப்பிட்டார். "புள்ளே, வந்து மீட்டரைப் பாத்துச் சொல்லு."

எங்களுக்குப் பட்டுப்புழுதான் பிழைப்பு. புழு ஷெட்டில் ஈரப்பதம் காட்டும் மீட்டர் தொங்குகிறது. அது வந்த நாளிலிருந்து அதைப் படித்துச் சொல்வது என் வேலை, ஏனென்றால் வேறு யாருக்கும் எண் தெரியாது. புழுவுக்கு நோய் வராமலிருக்க வாசலில் வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன். காலையிலிருந்து என் நைலக்ஸ் துப்பட்டா கையிலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தது. ஷெட்டுக்குள் நுழைந்த சற்று நேரத்தில் அது விலகித் தொங்கியது. நனைத்த சாக்குகள் சுவரெல்லாம் தொங்கின. மீட்டரைப் பார்த்தேன். துப்பட்டாவைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காய்ந்த காற்றில் மின்னூட்டம் தங்கும், ஈரக் காற்றில் கசிந்து போய்விடும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய விஷயம்தான். மழைக்காலத்தில் நூல் ஒழுங்காக ஓடியதற்கும் மாசி வெயிலில் ஒட்டிக்கொண்டதற்கும் காரணம் ஊசி அல்ல, அறை.

"அம்மா, மிசினை இங்க கொண்டாந்து வெக்கறேன்."

அம்மா திரும்பிப் பார்த்தார். "எங்க?"

"இங்கதான். ஷெட்டுல."

"புழு கடைசித் தோலு உரிச்சு இப்பத்தான் தின்ன ஆரம்பிச்சிருக்குது. ஊதுவத்தி கொளுத்தக்கூட வுடறதில்ல நானு. நீ பிளாஸ்டிக்கைச் சுட்டுப் பொகை போடுவியா?"

"பொகையெல்லாம் வராதும்மா."

"வராதுன்னு உன் மிசினு சொல்லும். புழு சொல்லுமா? செத்துத்தான் காட்டும்."

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. புழுவுக்கு ஏதாவது ஆனால் அந்தத் தடவை வருமானமே இல்லை. ஆனால் எனக்கும் வேறு இடம் இல்லை. ஷெட்டின் முன்பக்கம் இருந்த தழை அறைக்கு என் கண் போனது. மல்பரித் தழை வாடாமல் இருக்க அங்கேயும் ஈரச்சாக்குதான். புழுவுக்கும் அதற்கும் நடுவில் கதவு இருந்தது. வெளிச்சுவரில் ஒரு ஜன்னலும் இருந்தது.

"தழை ரூம்ல வெக்கறேன். கதவைச் சாத்திக்கறேன். உறிஞ்சற மிசினை ஜன்னலுக்கு அந்தப் பக்கம், வெளிய வெச்சுடறேன். நூலும் வாசனையும் குழாய்லயே வெளிய போயிடும்."

அம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. நான் மேசையையும் இயந்திரத்தையும் தழை அறையில் இறக்கியதும், ஒரு மூங்கில் தட்டு நிறையப் புழுவைக் கொண்டுவந்து, மேலே நாலு தழை போட்டு, என் மேசைக்குப் பக்கத்திலேயே வைத்தார். "இது தின்னாத்தான் நீ வெட்டலாம். தின்னாம தலையத் தூக்கிக்கிட்டு நின்னுதுன்னா மிசினு மாடிக்குப் போயிரோணும்."

நீர்மட்டம் வைத்து மேசையைச் சரிசெய்தேன். வீணாய்ப் போன தட்டு ஒன்றின் மறுபக்கத்தில் சோதித்தேன். ஊசி இறங்கியது. கறுப்பு நூல் எழும்பி, ஒரு தடவைகூடத் தயங்காமல், குழாய்க்குள் போனது. நான் அதைப் பார்த்தேன். அம்மா புழுவைப் பார்த்தார். பாட்டு முடிந்தபோது மூங்கில் தட்டில் தழைக் காம்புதான் மிச்சம் இருந்தது. அம்மா குனிந்து மோந்து பார்த்தார், பிறகு என் இயந்திரத்தையும் மோந்து பார்த்தார்.

"வெட்டு. தழை வர்ற நேரத்துல மட்டும் வெட்டாத."

அந்த நிபந்தனையில்தான் சிக்கல் வந்தது. கடைசிப் பருவத்துப் புழுவுக்கு எவ்வளவு தழை போட்டாலும் போதாது. அப்பா தழையை வெட்டி வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார். கட்டைத் தலையிலிருந்து தொப்பென்று தரையில் போடுவது அவர் பழக்கம். ஊசி ஓடும்போது அப்படிப் போட்டால் அதிர்வு பள்ளத்தில் பதிந்துவிடும், சில சமயம் ஊசியே துள்ளிவிடும். நான் இடைவெளி பார்த்துப் பார்த்து வெட்டினேன். ஒவ்வொன்றையும் உடனே ஓட்டிக் கேட்டேன். எல்லாம் சுத்தம். சாயங்காலமானால் ஈரத்துக்குத் துரு பிடிக்காமல் இரும்புப் பாகங்களை எண்ணெய்த் துணியால் துடைத்து மூடினேன்.

அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம் ஒரே ஒரு தட்டு பாக்கி. இருந்த வெற்றுத் தட்டும் அது ஒன்றுதான். ஊசியை இறக்கி, பாட்டு பாதி தாண்டியிருக்கும். வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம். தலையில் பெரிய கட்டு, முகமே தெரியவில்லை. நான் ஊசியை விட்டு எழ முடியாது, கத்தவும் பயம்.

உள் கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தார். சத்தமில்லாமல் குறுக்கே போய் அப்பாவின் நெஞ்சில் கையை வைத்தார்.

"நில்லுங்க. தட்டு ஓடுது."

"கழுத்து நோவுதுடி."

"நோவட்டும். அசையாதீங்க."

"புழு பசிக்குதுன்னு நீதான கத்துன?"

"ஒரு பாட்டு நேரத்துல புழு ஒண்ணும் செத்துடாது. வாய மூடுங்க."

கடைசி வரி உள்வட்டத்துக்கு வரும்வரை அவர்கள் இருவரும் வாசலில் அப்படியே நின்றார்கள். அப்பாவின் கட்டிலிருந்து ஓர் இலை உதிர்ந்து அம்மாவின் தோளில் விழுந்தது. ஊசியைத் தூக்கிவிட்டு நான் தலையாட்டினேன். அப்பா கட்டைக் கீழே போட்ட சத்தத்தில் ஷெட்டே அதிர்ந்தது.

மறுநாள் தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி, தருமபுரியிலிருந்து ரயிலில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் ஒன்றை ஓட்டிக் கேட்டுவிட்டு, இதை எந்த ஸ்டூடியோவில் வெட்டினீர்கள் என்று கேட்டார். எங்கள் ஸ்டூடியோவில்தான் என்றேன். அது பொய்யில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஓசூருக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டார்கள். தொழில் இருக்கிறது என்றேன். ஷெட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா."

"அப்ப வந்து தழை போடு. ரூமுக்கு வாடகை யாரு குடுப்பாங்க?"

மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனேன்.