அசையாத தண்ணீர்

சாரம் பகுதிக்குள் நுழைந்ததும் நான் வந்த ஷேர் ஆட்டோ நின்றுவிடுகிறது. தெரு முழுக்க ஆட்கள்; பாதிப் பேர் காலில் செருப்பில்லை. சற்று முன் வீடுகள் லேசாக ஆடினவாம். வண்டியின் குலுக்கலில் எனக்குத் தெரியவில்லை. யாரும் சத்தம் போடவில்லை, குழந்தைகள்கூட அழவில்லை. இந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

டீக்கடை மும்தாஜ் அக்கா ஒரு சில்வர் தம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றித் தெரு நடுவில் வைக்கிறார். அது அசையாமல் இருந்தால்தான் வீட்டுக்குள் போகலாமாம். எல்லோரும் சுற்றி நின்று குனிந்து பார்க்கிறார்கள்.

நான் நிலவியல் படித்தவன் என்று, வழியில் பேசியதை வைத்து ஆட்டோக்காரர் சொல்லிவிடுகிறார்.

"இனிமே பூமி ஆடவே ஆடாதுன்னு சொல்லுங்க தம்பி," என்கிறார் அக்கா.

"பூமியோட ஓடு துண்டு துண்டா நகர்ந்துட்டேதான் இருக்குக்கா, அதுலதான் ஆடுது. கடல் தண்ணி அடியில எறங்கிப் பாறைய எளக்குது. அதனாலதான் நகர முடியுது."

மேற்கே மொட்டைமாடிகளுக்கு மேல் வெள்ளி கிரகம் தெரிகிறது. கையைக் காட்டுகிறேன்.

"அங்க தண்ணி இல்ல. ஓடு காஞ்சு ஒரே மூடியா இறுகிக் கெடக்கு. நம்ம பூமி மாதிரி நகர்றதே இல்ல."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்லக்கா."

அவர் அண்ணாந்து பார்க்கிறார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறார்.

தண்ணீர் அசையவில்லை. நிம்மதியாக ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். கதவுகள் சாத்தப்படுகின்றன. நான் ஏறாமல் நிற்க, ஆட்டோவும் போய்விட்டது. தம்ளரருகே குந்துகிறேன். தண்ணீரில் வெள்ளி ஒரு புள்ளியாக அப்படியே நிற்கிறது. அது கொஞ்சமாவது நடுங்காதா என்று மூச்சைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.