டிவியில் பெய்யாத மழை

தூத்துக்குடிக்குப் பக்கத்து முத்தையாபுரம் உப்பளக்காரர்கள் மழை வருமா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். தங்கதுரை மட்டும் டிவியைப் பார்ப்பார். ஏழு மணிச் செய்தியில் கோட்டுப் போட்டவர் வந்து சொன்னால்தான் அவருக்கு மழை. சொல்லாமல் பெய்வதெல்லாம் கணக்கில் சேராது.

இதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. அளத்தில் வாரிக் குவித்த உப்பை மழைக்கு முன்னால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மூடினால் லாரியில் ஏற்றும் வேலை நின்றுபோகும். மூடாமல் விட்டு மழை வந்தாலோ, உப்பு வந்த வழியே தண்ணீராகிக் கடலுக்குப் போய்விடும். அதனால் பக்கத்து அளத்துக்காரர்கள் தினமும், "அண்ணாச்சி, என்ன சொல்லுதான்?" என்று அவரைத்தான் கேட்பார்கள். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, செய்தி வாசிப்பவர் மாதிரியே சொல்லுவார். அந்தக் கேள்விக்காகத்தான் மனுசன் உயிரோடு இருந்தார் என்றால் மிகையில்லை.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. கேட்க ஆள் குறைந்தது. போன வருசம் கோடையில் ஒரு நாள் பக்கத்து அளத்துக் காசிலிங்கம் பதறிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, சாயங்காலம் பெருமழை வருதாம். யூடியூப்ல ஒரு பையன் படம் போட்டுக் காட்டுதான். நாங்க மூடுதோம். நீங்களும் மூடிருங்க."

"யாருலே அவன்? டவுசரப் போட்டுக்கிட்டு கட்டில்ல உக்காந்து சொல்லுதவன் பேச்சக் கேட்டு நான் லோடை நிறுத்தணுமோ? டிவிக்காரன் கோட்டுல்லா போட்டிருக்கான்!"

அன்று நாலு மணிச் செய்தியில் இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் வானிலை வந்து போனது. தென்மாவட்டங்களில் வறண்ட வானிலை நிலவுமாம். தங்கதுரை காலை நீட்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அவர் அளத்துக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பாதி உப்பு கரைந்திருந்தது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மறுபடியும் டிவியைத்தான் போட்டார். அதில் இன்னும் வறண்ட வானிலைதான் நிலவிக்கொண்டிருந்தது.

பாவம், அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. உப்பு போனதைவிட, மறுநாள் காசிலிங்கம் தன் நனையாத உப்பை லாரியில் ஏற்றிக்கொண்டே பார்த்த பார்வைதான் அவரைத் தின்றது.

மறு வாரமே கேபிளைத் துண்டித்துவிட்டுப் பெரிய போன் வாங்கினார். அடேயப்பா, அதற்குப் பிறகு அவர் போட்ட ஆட்டம்! கண்ட குரூப்பிலும் சேர்ந்தார். வருகிற செய்தி எதையும் முழுக்கப் பார்ப்பதில்லை. முழுக்கப் பார்த்து முடிப்பதற்குள் காசிலிங்கம் முந்திவிட்டால்? முதலில் அனுப்பு, பிறகு பார் என்பது அவர் கொள்கை. அதற்குப் பலனும் கிடைத்தது. "அண்ணாச்சி, என்ன வந்திருக்கு?" என்று இரண்டொருவர் மறுபடி கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

இந்த வருசம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போன் கத்தியது. 'தூத்துக்குடியில் இப்போது பேய்மழை! உப்பளங்கள் நாசம்! அதிகம் பகிரவும்!' வீடியோவின் தொடக்கத்தில் சாம்பல் வானமும் மழையும் தெரிந்தன. தங்கதுரை எச்சில் கையோடு எல்லா குரூப்புக்கும் தள்ளினார்.

"வெயிலு இந்தக் காச்சு காச்சுது, மழை எங்கன பெய்யுதாம்?" என்றாள் மனைவி செல்லக்கனி.

"ஏளா, மேகம் நடந்தா வரும்? டவுனுல பெய்யுதது இங்கன வர எம்புட்டு நேரம்? நீ கெட."

போன வருசம் பட்ட பயத்தில் காசிலிங்கம்கூட நம்பிவிட்டார். ஏற்றிக்கொண்டிருந்த லாரிகள் நின்றன. அந்த வெயிலில் ஆட்கள் தார்ப்பாயை இழுத்து, உப்பை மூடி, ஓரமெல்லாம் கல் வைத்தார்கள். தங்கதுரை நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டி உத்தரவு போட்டார். அத்தனை அளமும் அவர் சொல் கேட்டு மூடியது. அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

எல்லாவற்றையும் மூடிவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். அதில் ஒரு காக்கா பறந்தது.

தகரக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்த ஒரே ஆள், உப்பு வாருகிற பேச்சிச்செல்வி.

"அண்ணாச்சி, இது நான் எடுத்ததுல்லா? போன வருச மழையில எடுத்து எங்க அக்காளுக்கு அனுப்புனேன். ஊரெல்லாம் சுத்திட்டு இப்ப இங்கன வந்திருக்கு. கடைசில ஓடுத ஆளப் பாருங்க!"

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மழைக்குள் ஒருவர் மடங்கிப்போன குடையோடு, பறக்கிற தார்ப்பாயைத் துரத்துகிறார். வேட்டி அவிழ்ந்து காலைத் தட்டுகிறது. குரல் தெளிவாகக் கேட்டது: "டிவியில சொல்லலையே! டிவியில சொல்லலையே!"

காசிலிங்கம் வேர்வையைத் துடைத்தார். "செய்தி உண்மைதான் அண்ணாச்சி. என்ன, ஒரு வருசம் பிந்தி வந்திருக்கு." கொட்டகையே சிரித்தது. பிறகு வாய்விட்டுத் திட்டிக்கொண்டே தார்ப்பாயை அவிழ்த்தார்கள்.

தங்கதுரை யார் முகத்தையும் பார்க்காமல் சாயங்காலம்வரை சுற்றிவிட்டு, ஏழு மணிக்கு ஒரு டீக்கடையில் ஒதுங்கினார். எல்லாரும் போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். சுவரில் டிவி யாருக்கோ தனியாகப் பேசிக்கொண்டிருந்தது. தற்செயலாக நிமிர்ந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். அதே சாம்பல் வானம். அதே மடங்கின குடை. கீழே கொட்டை எழுத்தில்: 'தூத்துக்குடியில் திடீர் கனமழை. உப்பள உரிமையாளர் கதறல். இணையத்தில் வைரலாகும் காட்சி.' பக்கத்தில் கோட்டுப் போட்டவர், முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, வாசித்துக்கொண்டிருந்தார்.

தங்கதுரைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கடைக்கு வெளியே தெளிந்த வானத்தில் நட்சத்திரம் முளைத்திருந்ததை அவர் பார்க்கவில்லை. காசிலிங்கத்துக்குப் போன் போட்டார்.

"ஏலே, என்னமோ சிரிச்சீங்களே! இப்ப டிவியிலயே சொல்லிட்டான். அவுத்த தார்ப்பாயப் பூரா மறுபடி கட்டச் சொல்லு!"